சிந்துவதும் விழுங்குவதும்

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் வீட்டுக் கிருகப்பிரவேசத்தைப் பற்றி இங்கிலீஷில் கட்டுரை எழுதினான். விருந்தாளிகள் வந்தார்கள், அம்மா அவர்களுக்குக் காப்பி ‘ஸ்பில்’ செய்தாள், அவர்களெல்லாரும் மிக்க சந்தோஷத்துடன் ‘காபில்’ செய்தார்கள் என்பது அதில் ஒரு வாக்கியம். எழுத்துப் பிழை இல்லை. இறந்தகால விகுதிகள் அதனதன் இடத்தில் ஒழுங்காய் நின்றன. இரண்டு வினைச்சொற்களையும் பையன் சிறிய அகராதி ஒன்றைப் புரட்டிப் பிரயாசைப்பட்டுத் தேடி எடுத்திருந்தான். ‘ஸ்பில்’ என்பதற்கு அதில் கொட்டு, சிந்து, ஊற்று என்றும், ‘காபில்’ என்பதற்கு ஆவலுடன் உண் என்றும் அர்த்தம் போட்டிருந்தது.

இங்கிலீஷைத் தாய்பாஷையாய் உடைய ஒருவர் அந்த வாக்கியத்தைப் படித்தால் என்ன நினைப்பார்? அம்மாள் கை தவறிக் காப்பியை விருந்தாளிகளின் மேல் கொட்டிவிட்டாள் என்று நினைப்பார். விருந்தாளிகள் பன்றிகளைப் போல அள்ளி அடைத்துக்கொண்டார்கள் என்று நினைப்பார், அதுவும் நிச்சயமில்லை. எதைத் தின்றார்கள் என்று சொல்லாமல் ‘காபில்’ செய்தார்கள் என்று மொட்டையாய் விட்டால், வான்கோழிகளைப் போலக் கத்தினார்கள் என்றும் பொருள்படும். வான்கோழியின் குரலுக்கும் இங்கிலீஷில் அதே சொல்தான். தாயாரின் உபசாரத்தைப் புகழ வேண்டும் என்பதே பையனுடைய உத்தேசம். இலக்கணம் ஒன்றும் கெடாமலே அவன் வீட்டு மானம் சந்தி சிரிக்கும்படி ஆயிற்று.

1947-ல் இங்கிலீஷ்காரர் கப்பலேறிப் போய்விட்டனர்; அவர்களுடைய வினைச்சொற்கள் மட்டும் நம் குழந்தைகளின் பரீட்சைக் காகிதத்தில் தங்கிவிட்டன. தங்கினவற்றின் குணம் தெரியாமல் அவற்றை ஆள்வதில் கௌரவம் ஒன்றும் இல்லை. ஆகையால் இந்த வாரம் இரண்டு குடும்பத்துச் சொற்களை எடுத்துக்கொள்கிறேன். திரவப் பொருள் சிந்துவதைச் சொல்பவை ஒரு குடும்பம். ஆகாரத்தைப் பேராசையோடு உட்கொள்வதைச் சொல்பவை மற்றொன்று. இவ்விரு குடும்பங்களுக்குள்ளும் கொள்வினை கொடுப்பினை உண்டென்பது போகப் போகத் தெரியும்.

முதலில் ‘போர்’. பெயரைக் கண்டு அஞ்ச வேண்டாம். இது யுத்தமன்று, ஊற்றுவது. இன்ன இடத்தில் விழ வேண்டும் என்று எண்ணிப் பாத்திரத்தைச் சாய்ப்பது ‘போர்’. எண்ணாமல் தவறிப் போவது ‘ஸ்பில்’. காப்பியை டம்ளரில் விட்டால் முன்னது. டம்ளரைத் தாண்டி மேஜை விரிப்பில் போனால் பின்னது. நாமும் இந்த வித்தியாசத்தை அறியாதவர்களல்லோம். வார்த்தலும் ஊற்றுதலும் அறிந்து செய்பவை. சிந்துதல் பெரும்பாலும் கை தவறி நேர்வது. கொட்டுதல்தான் இரண்டுங்கெட்டான்: குப்பையை வேண்டுமென்றே கொட்டுகிறோம், எண்ணெய்க் கிண்ணமோ தானாகவே கொட்டிவிடுகிறது. ‘தானாகவே’ என்று ஏன் சொன்னேன் என்பது குழந்தைகள் உள்ள வீட்டாருக்குத் தெரியும். ‘நான் கொட்டினேன்’ என்று எந்தக் குழந்தையும் சொல்வதில்லை. ‘கொட்டிப் போச்சு’ என்றுதான் சொல்லும். இங்கிலீஷ்க் குழந்தையும் தன்னை விலக்கிவிட்டுப் பாலையே எழுவாயாக்கி, ‘பால் ஸ்பில் ஆயிற்று’ என்கிறது.

செய்தவனோடும் வரும், செய்தவன் இல்லாமலும் வரும் என்று ஒரு வினை இருப்பதில் உள்ள சௌகரியம் குழந்தைகளோடு நிற்கவில்லை. 1989-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் அலாஸ்காக் கடலோரத்தில் ‘எக்ஸான் வால்டீஸ்’ என்னும் கப்பல் பாறையில் மோதிச் சுமார் 1 கோடியே 10 லட்சம் காலன் கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. அதற்கு உலகம் இட்ட பெயர் ‘ஆயில் ஸ்பில்’. காப்பிக் கோப்பை சரிந்ததற்கும் அதே சொல், கடல் கறுத்ததற்கும் அதே சொல். நம் பத்திரிகைகள் இன்னும் ஒரு படி இறங்கி, அதை ‘எண்ணெய்க் கசிவு’ என்று மொழிபெயர்க்கின்றன. 2017-ஆம் வருஷம் ஜனவரி மாதம் எண்ணூருக்கு அருகில் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டபோது, கரையில் ஒதுங்கிய எண்ணெய்ச் சேற்றை ஜனங்கள் வாளி வாளியாய் வாரினார்கள். வாளியால் வாரவேண்டியதைக் கசிவு என்று சொல்வது எந்த ஊர் நியாயமோ தெரியவில்லை. மண்பானை கசியும், பழைய சுவர் கசியும்.

பரீட்சைத் தாள்களில் அடிக்கடி என் சிவப்பு மைக்கு வேலை வைக்கும் வாக்கியம் ஒன்று உண்டு: ‘குடத்தில் தண்ணீரை ஃபில் செய்தாள்’ என்பது. தமிழில் குடத்தை நிரப்பினாள் என்றாலும் சரி, குடத்தில் தண்ணீர் நிரப்பினாள் என்றாலும் சரி. இங்கிலீஷில் ‘ஃபில்’ என்பது இவ்விடத்தில் பாத்திரத்தையே செயப்படுபொருளாய்க் கொள்ளும். ‘போர்’ என்பதோ தண்ணீரைக் கொள்ளும், குடத்தைக் கொள்ளாது. ‘ஸ்பில்’, ‘டிரிப்’ முதலியவையும் ‘போர்’ சென்ற வழியே செல்லும். ஆனால் ‘ஸ்பிளாஷ்’ என்பதற்கு இரண்டும் சம்மதம்: நீரைச் சுவரின் மேல் ஸ்பிளாஷ் செய்யலாம், சுவரை நீரால் ஸ்பிளாஷ் செய்யலாம். இது என்ன நியாயம் என்று மாணாக்கர் கேட்டால், ‘அது இங்கிலீஷ் வழக்கம், நெட்டுருப் பண்ணு’ என்று வாயடைத்துவிடுவது உபாத்தியாயர்களாகிய எங்களுடைய பரம்பரைப் பாத்தியதை.

ஆனால் நியாயம் இருக்கத்தான் இருக்கிறது. ஸ்டீவன் பிங்கர் என்னும் மனோதத்துவ அறிஞர் 1989-ல் வெளியிட்ட நூலில் இதை விளக்குகிறார். ஊற்றும்போது நாம் பாத்திரத்தைச் சாய்ப்பதோடு சரி. பாக்கி வேலையைப் பூமியின் ஆகர்ஷண சக்தி பார்த்துக்கொள்கிறது. வீசி அடிக்கும்போதோ நம் கையின் விசை திரவத்தோடு போகிறது. ஆகர்ஷண சக்தியிடம் விட்டுவிடும் வினைகள் திரவத்தை மட்டும் செயப்படுபொருளாய் ஏற்கும். விசை கொடுக்கும் வினைகள் திரவத்தையும் ஏற்கும், அது போய்ப் படியும் இடத்தையும் ஏற்கும். இதை நம் வாசற்படியிலேயே பரீட்சை செய்து பார்க்கலாம். விடியற்காலையில் தண்ணீர் தெளித்தாள் என்கிறோம்; வாசல் தெளித்தாள் என்றும் சொல்கிறோம். தண்ணீர் ஊற்றினாள் என்போம். வாசல் ஊற்றினாள் என்று ஒருவரும் சொல்லக் காணோம். பிங்கர் பேனாவை எடுப்பதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்பே நம் பாட்டிமார் இந்த விதியை வழுவாமல் அனுஷ்டித்து வந்திருக்கிறார்கள்.

‘ஸ்பில்’லின் பூர்வ சரித்திரம் பயங்கரமானது. பழைய இங்கிலீஷில் அதற்குக் கொல்லுதல், அழித்தல் என்றே பொருள். 14-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சாஸர் என்னும் கவியின் காலத்திலும் அது அழிவதையும் அழிப்பதையும் குறித்தது. இரத்தம் சிந்தச் செய்வதைச் சொல்லத் தொடங்கி, பிறகு மற்றத் திரவங்களுக்கும் பரவி, கடைசியில் காப்பிக்கும் பாலுக்கும் வந்து சேர்ந்தது. ‘போர்’ வெறுமனே ஊற்றிக்கொண்டிருந்தது. யுத்தம் செய்ததெல்லாம் ‘ஸ்பில்’தான். இதன் பங்காளி ‘ஷெட்’. ஆதியில் அதற்குப் பிரித்தல் என்று பொருள். மழை நீரை இரு பக்கமும் பிரித்துவிடும் மலைமுகட்டுக்கு ‘வாட்டர்ஷெட்’ என்று சொல்வதில் அந்தப் பழைய பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிந்திய பாலுக்கு அழுது பிரயோஜனமில்லை என்னும் பழமொழியை இன்று இங்கிலீஷ்காரர் ‘ஸ்பில்’ வைத்துச் சொல்கிறார்கள். ஜேம்ஸ் ஹவல் என்பவர் 1659-ல் அச்சிட்ட பழமொழித் தொகுதியிலோ அந்தப் பால் ‘ஷெட்’ ஆகியிருக்கிறது. இப்பொழுது கண்ணீருக்கும் மரம் உதிர்க்கும் இலைக்கும் ‘ஷெட்’, பாலுக்கும் மைக்கும் ‘ஸ்பில்’ என்று பாகப் பிரிவினை முடிந்துவிட்டது. இரத்தத்துக்கு மட்டும் இரண்டும் கைகட்டிக் காத்து நிற்கின்றன.

இனிக் கொள்வினை கொடுப்பினைக்கு வருவோம். ‘ஸ்லாப்’ என்று ஒரு சொல். வாளி தளும்பி நீர் வெளியே விழுவது ‘ஸ்லாப்’. பன்றிக்கு வைக்கும் கலங்கல் கூழும் ‘ஸ்லாப்’. பழைய இங்கிலீஷில் இதன் மூலச்சொல் சாணம் போன்ற கொழகொழப்பான வஸ்துவைக் குறித்தது. ‘கௌஸ்லிப்’ என்று இங்கிலாந்துப் புல்வெளிகளில் ஒரு மஞ்சள் பூ உண்டு. ஷேக்ஸ்பியர் முதல் எத்தனையோ கவிகள் அதைக் கொண்டாடியிருக்கிறார்கள். அந்தப் பெயருக்குப் பழைய பொருள் பசுஞ்சாணம் என்பது. இதைக் கேட்டு இங்கிலீஷ் வாசகர்கள் முகத்தைச் சுளிக்கக்கூடும். மார்கழி மாதம் சாணத்தின் மேல் பூசணிப் பூவைச் செருகி வாசலில் வைக்கும் நமக்கு அதில் அருவருப்பு என்ன?

‘ஸ்வில்’ இன்னும் விசேஷமானது. ஆதியில் இதற்குக் கழுவுதல், அலசுதல் என்று பொருள். இன்றும் பாத்திரத்தில் நீர் விட்டுச் சுழற்றி அலசுவது ‘ஸ்வில்’தான். அலசின நீரோடு சமையலறைக் கழிவையும் சேர்த்துப் பன்றிக்கு வைத்தார்கள். அந்தக் கலவைக்கும் ‘ஸ்வில்’ என்றே பெயர் வந்தது. பன்றி எப்படிக் குடிக்குமோ அப்படி மனிதன் குடித்தால் அதுவும் ‘ஸ்வில்’ ஆயிற்று. 2001-ஆம் வருஷம் பிரிட்டனில் மாடு, ஆடு, பன்றிகளிடையே பரவிய கோமாரி நோய், நார்தம்பர்லண்டில் ஒரு பன்றிப் பண்ணையில் சரியாய்க் காய்ச்சாத ‘ஸ்வில்’ வைத்ததிலிருந்து தொடங்கியதாய் விசாரணையில் தெரிந்தது. நோயை அடக்க 60 லட்சத்துக்கு மேற்பட்ட பிராணிகளைக் கொல்லவேண்டி வந்தது. அவ்வருஷமே ‘ஸ்வில்’ வைப்பதை அங்கே சட்டத்தினால் தடுத்துவிட்டார்கள்.

நம் வீடுகளில் இதற்குச் சரியான சொல் இருக்கிறது: கழுநீர். அரிசி கழுவிய நீரையும் வடித்த கஞ்சியையும் கழுநீர்ப் பானையில் சேர்த்துவைத்து மாட்டுக்குக் காட்டுவோம். ஒரே வஸ்து, ஒரே விதமான பெயர். ஆனால் கழுநீர் என்பதிலிருந்து ஒருவனை இழிவாய்ச் சொல்லும் வினைச்சொல் தமிழில் பிறக்கவில்லை. அங்கே குடித்தது பன்றி, இங்கே குடித்தது பசு என்பதுதான் இதற்குக் காரணம் என்பது என் அபிப்பிராயம். 1943-ஆம் வருஷம் வங்காளப் பஞ்சத்தில் கிராமங்களை விட்டுக் கல்கத்தா வீதிகளுக்கு வந்து சேர்ந்த ஜனங்கள் வாசலுக்கு வாசல் நின்று கேட்டது சோறுகூட அல்ல. ‘ஃபேன்’ கொடுங்கள் என்று கேட்டார்கள். வங்காளத்தில் ‘ஃபேன்’ என்றால் சோறு வடித்த கஞ்சி. அதைத் தகரக் குவளையில் ஏந்திக் குடித்தவர்களுக்கு இங்கிலீஷில் எந்த வினையைப் போடுவது? வேகமாய்க் குடித்தார்கள், மிச்சமில்லாமல் குடித்தார்கள், கீழே வழிய வழியக் குடித்தார்கள். அகராதி அர்த்தத்தை மட்டும் பார்த்தால் ‘ஸ்வில்’ கச்சிதமாய்ப் பொருந்தும். மனசு உள்ளவன் எழுத மாட்டான்.

ஆகாரம் உட்கொள்ளும் சொற்களில் இங்கிலீஷ் பாஷை அடைந்திருக்கும் செல்வம் நம்மை மலைக்கவைக்கும். ‘கல்ப்’, ‘காபில்’, ‘கஸில்’, ‘கார்ஜ்’ என்று ஒரு வரிசை. எல்லாம் தொண்டையிலிருந்து எழும் ககர ஓசையோடு தொடங்குகின்றன. ‘கார்ஜ்’ என்பது பிரெஞ்சுப் பாஷையில் தொண்டைக்கே பெயர். ‘ஸ்லர்ப்’, ‘ஸ்லாபர்’, ‘ஸ்விக்’ என்று இன்னொரு வரிசை. ஈரமும் எச்சிலும் காதிலேயே கேட்கும். ‘வுல்ஃப்’ என்னும் ஓநாய் 19-ஆம் நூற்றாண்டில் வினைச்சொல்லாகிச் சாப்பாட்டு மேஜைக்கு வந்தது. ‘டிவௌர்’ லத்தீனிலிருந்து வந்த பெரிய மனுஷன். மாமிச பக்ஷிணிகளுக்குச் சொல்லும் ‘கார்னிவோர்’ என்பதும் அதே தாதுவில் பிறந்தது. நெருப்பு வீட்டை ‘டிவௌர்’ செய்யும். நல்ல வாசகன் புத்தகத்தை ‘டிவௌர்’ செய்வான். பேராசைச் சொற்களில் சில சமயமாவது புகழ்ச்சிக்கு உதவுவது இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

இவற்றுக்குத் தமிழில் தனித்தனி வினை தேடி மாணாக்கர் தவிக்க வேண்டியதில்லை. இங்கிலீஷ் எப்படிச் செய்தான் என்பதை வினைக்குள்ளேயே வைத்துத் தைத்துவிடுகிறது. தமிழ் பெரும்பாலும் வினையைச் சும்மா விட்டு, அதன் முன்னால் ஓசையை நிறுத்துகிறது. ‘கல்ப்’ என்றால் மடக்கு மடக்கென்று குடித்தான். ‘வுல்ஃப்’ என்றால் அவக்கு அவக்கென்று தின்றான். ‘ஸ்லர்ப்’ என்றால் சர்ரென்று உறிஞ்சினான். நம்மிடத்திலும் மாந்துதல், நுங்குதல், மொக்குதல் என்று தனி வினைகள் இல்லாமற் போகவில்லை. கலியாண வீட்டுச் சாப்பாட்டை ஒரு வெட்டு வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். எனினும் நம் இலக்கண உரைகாரர்கள் உணவை வகைப்படுத்தியபோது உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன என்று நான்காய் வகுத்தார்கள். சோறு உண்பது, முறுக்குத் தின்பது, பால் பருகுவது, தேன் நக்குவது. இது பண்டத்தின் தன்மையைப் பற்றிய பாகுபாடு. உண்கிறவன் யோக்கியனா பேராசைக்காரனா என்று அவர்கள் இலையின் முன்னால் நின்று விசாரிக்கவில்லை.

பெத் லெவின் என்னும் அம்மையார் 1993-ல் 3,000-க்கு மேற்பட்ட இங்கிலீஷ் வினைகளை இனம் பிரித்து ஒரு நூல் வெளியிட்டார். அதில் ‘ஸிப்’, ‘லிக்’, ‘நிபில்’ என்று சிறுகக் குடிப்பது, நக்குவது, கொறிப்பது ஆகியவை ஓர் இனம். ‘கல்ப்’, ‘காபில்’, ‘கஸில்’, ‘வுல்ஃப்’ ஓர் இனம். ‘டிவௌர்’, ‘ஸ்வில்’ மற்றோர் இனம். அர்த்தம் மட்டுமன்றி, வாக்கியத்தில் அவை நடந்துகொள்ளும் முறையும் வேறு என்பதற்காகவே இப்படிப் பிரித்திருக்கிறார். ‘ஈட்’ என்பது செயப்படுபொருள் இல்லாமலும் நிற்கும்: அவன் சாப்பிட்டான், அவ்வளவுதான். ‘டிவௌர்’ அப்படி நிற்காது. எதை என்று சொல்லாமல் வாக்கியம் முடியாது. ரொட்டியை ‘நிபில்’ செய்கிறவன் அதில் ஒரு மூலையைத் தொட்டுவிட்டு எழுந்திருக்கலாம். ‘டிவௌர்’ செய்தான் என்றால் ரொட்டி தீர்ந்துவிட்டது என்று பொருள். தமிழிலும் ‘சாப்பிட்டாயா?’ என்று வழியில் கண்டவரை விசாரிக்கிறோம், ‘விழுங்கினாயா?’ என்று விசாரித்தால், எதை என்று அவர் கேட்பார், அல்லது சண்டைக்கு வருவார். பேராசைக்காரனைப் போலவே பேராசை வினையும் பொருளைக் கையிலிருந்து விடுவதில்லை. கிருகப்பிரவேசக் கட்டுரையில் விருந்தாளிகள் வான்கோழிகளானது இதனாலேதான்.

‘போல்ட்’ என்ற சொல்லை வேண்டுமென்றே பின்னால் வைத்தேன். இதற்கு ஆதியில் வில்லிலிருந்து பாயும் கட்டையான அம்பு என்று பொருள். அம்பு போலப் பாய்ந்து ஓடுவதும், மெல்லாமல் ஒரே பாய்ச்சலில் விழுங்குவதும் பிறகு வந்தவை. சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1860–61-ல் எழுதிய ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ என்னும் நாவலைப் படித்தவர்களுக்கு இந்தச் சொல் மறக்காது. பிப் என்னும் அநாதைச் சிறுவன் சதுப்பு நிலத்தில் பதுங்கியிருக்கும் கைதி ஒருவனுக்காகத் தன் பங்கு ரொட்டியைத் தின்னாமல் கால்சட்டைக்குள் ஒளித்துக்கொள்கிறான். ரொட்டி திடீரென்று மறைந்ததைப் பார்த்த வீட்டார், பையன் அதை ‘போல்ட்’ செய்துவிட்டான் என்று தீர்மானிக்கிறார்கள். அக்காள் அவன் தலையை இடுக்கிக்கொண்டு தார் கலந்த நீரைப் புகட்டுகிறாள். (அந்த நீர் சர்வரோக நிவாரணி என்று பெர்க்லி என்னும் பெரிய தத்துவ ஞானியே 1744-ல் புத்தகம் எழுதியிருக்கிறார். தத்துவ ஞானிகள் வைத்தியத்தில் இறங்கினால் குழந்தைகளுக்குத்தான் ஆபத்து.) ஒரு கவளம்கூடத் தின்னாத பையனுக்குப் பெருந்தீனிக்காரன் என்ற பட்டம், அதற்குத் தண்டனை. இதெல்லாம் ஒரு வினைச்சொல்லால் வந்தது.

மறுநாட் காலையில் ரொட்டி கைதியின் கைக்குப் போய்ச் சேர்கிறது. அவன் உண்மையாகவே ‘போல்ட்’ செய்கிறான். அவன் தின்பதைப் பார்த்துத் தன் வீட்டு நாயின் ஞாபகம் வருகிறது பிப்புக்கு. வந்தும் அந்தக் குழந்தை என்ன சொல்கிறது? உங்களுக்கு இது பிடித்திருப்பதில் எனக்குச் சந்தோஷம் என்று மரியாதையாய்ச் சொல்கிறது. கண் கண்டது நாயை. வாய் உபசரித்தது விருந்தாளியை. பெரியவர்கள் பலர் இதைத் தலைகீழாய்ச் செய்கிறார்கள்.

இதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னதாக, 1859-ல், அதே டிக்கன்ஸ் ‘எ டேல் ஆஃப் டூ ஸிட்டீஸ்’ என்னும் நாவலை எழுதினார். சிந்துவதும் விழுங்குவதும் ஒரே இடத்தில் நடக்கும் காட்சி ஒன்று அதில் இருக்கிறது. 1775-ஆம் வருஷம், பாரிஸ் நகரத்தில் ஸான் ஆந்த்வான் என்னும் ஏழைகள் பேட்டை. வண்டியிலிருந்து இறக்கும்போது பெரிய திராக்ஷைமதுப் பீப்பாய் ஒன்று தெருவில் விழுந்து உடைந்துவிடுகிறது. மது கல் பாவிய வீதியில் ஓடிப் பள்ளங்களில் தேங்குகிறது. பேட்டை முழுவதும் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருகிறது. மண்டியிட்டு இரு கையாலும் முகக்கிறார்கள். உடைந்த மண் குவளையால் மொள்கிறார்கள். பெண்கள் தலைத்துணியைத் தோய்த்துக் குழந்தைகளின் வாயில் பிழிகிறார்கள். ஓடுகிற மதுவைத் தடுக்கச் சேற்றால் சிறு வரப்புக் கட்டுகிறார்கள் சிலர். ஒன்றும் கிடைக்காதவர்கள் ஊறிப்போன பீப்பாய்ச் சில்லுகளை எடுத்து நக்கி, மென்றும் பார்க்கிறார்கள்.

சொற்செல்வத்தில் டிக்கன்ஸுக்குக் குறைவில்லை. ‘கஸில்’, ‘ஸ்வில்’, ‘கல்ப்’ எல்லாம் அவர் கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தவை. மண்டியிட்டுக் கையால் முகந்து குடித்தவர்களுக்கு அவற்றில் ஒன்றையும் அவர் போடவில்லை. அவர் போட்டது ‘ஸிப்’. துரைசானிகள் தேநீர் அருந்தும் சொல், சிறுகச் சிறுக உதட்டால் தொட்டுக் குடிக்கும் சொல். விரலிடுக்கில் வழிந்து போகுமுன் அவர்கள் ‘ஸிப்’ செய்தார்கள், பக்கத்தில் இருந்த பெண்களையும் ‘ஸிப்’ செய்யவைக்க முயன்றார்கள். மதுவெல்லாம் தீர்ந்த பிறகு பீப்பாய்ச் சில்லைக் கடித்தவர்களை மட்டும் பேராசைக்காரர் என்று ஒரு தரம் சொல்லி, அவர்கள் வாயில் புலியின் கறை படிந்ததாய் எழுதுகிறார். உடனே ஒருவன் மண்டியில் விரலைத் தோய்த்துச் சுவரில் ‘இரத்தம்’ என்று எழுதுகிறான். இந்த மதுவும் தெருவில் சிந்தும் காலம் வரப்போகிறது என்று டிக்கன்ஸ் அடுத்தபடி சொல்கிறார். பீப்பாய் மதுவுக்கும் வரப்போகும் இரத்தத்துக்கும் அவர் ஆள்வது ‘ஸ்பில்’ என்னும் அந்த ஒரே வினை. 1789-ல் புரட்சி வெடித்த பேட்டை அது என்பது சரித்திரம் படித்தவர்களுக்குத் தெரியும். ‘ஸ்பில்’ என்னும் சொல் தான் பிறந்த வீட்டுக்கே திரும்பிப் போனதுபோல் இருக்கிறது.

மேல் வகுப்பில் இந்த அத்தியாயத்தை மாணாக்கர்களோடு தமிழாக்கிப் பார்த்தோம். தெரு, பீப்பாய், குவளை எல்லாம் சுலபமாய் வந்தன. ‘ஸிப்’பில் வந்து நின்றுவிட்டோம். பருகினார்கள் என்றால் பொற்கிண்ணம் கண்முன் வருகிறது. உறிஞ்சினார்கள் என்றால் சத்தம் கேட்கிறது. வாய் நனைத்துக்கொண்டார்கள் என்று நான் சொன்னேன். அதில் ஆவல் போதவில்லை என்றான் ஒருவன். கடைசிப் பெஞ்சியில் இருந்த ஒரு பெண், ‘ஏந்திக் குடித்தார்கள்’ என்றால் போதுமே, கை தெரிகிறதே என்றாள். இப்போதைக்கு அதைத்தான் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறோம். இதைவிடப் பொருத்தமான சொல் நேயர்களுடைய வீட்டுப் பேச்சில் இருந்தால், ஒரு கார்டில் எழுதி அனுப்பினால் வகுப்பில் வாசித்துக் காட்டுகிறேன்.